வாயில்லா ஜீவன்

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று நம்மவர்கள் சொல்லுவார்கள். மானமுள்ள மனிதனைப் புகழ்வதற்காக ஏற்பட்ட பழமொழி அது. உயிர் போனாலும் தன் குலத்துக்கு ஒவ்வாத உணவில் வாய் வைக்காத வைராக்கியத்தைப் புலியிடம் கண்டு வியந்த பெரியவர்கள், அந்தப் புல்லையே தின்று பிழைக்கும் ஆட்டைப் பற்றி எதிர்க்கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. புல் இல்லாத ஊரில் ஆடு என்ன செய்யும்? பசித்தால் அது மீனைத் தின்னுமா?

தின்னும். இதற்கு ஏறக்குறைய 2300 ஆண்டுகளுக்கு முற்பட்ட சாட்சியே இருக்கிறது. கி.மு. 325ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் இந்தியாவிலிருந்து திரும்பியபோது, தன் கப்பற்படையை நியார்க்கஸ் என்ற தளபதியிடம் ஒப்படைத்துக் கடல் வழியாக அனுப்பினான். சிந்து நதியின் முகத்துவாரத்தை விட்டுப் புறப்பட்ட அந்தப் படை, இன்று பலூசிஸ்தானத்தைச் சேர்ந்த மக்ரான் கரையை ஒட்டி மேற்கு நோக்கிச் சென்றது. மரமும் இல்லை, பயிரும் இல்லை. வெயிலும் மணலும் உப்புக் காற்றுந்தான் அங்கே. அந்தக் கரையில் வாழ்ந்த மக்களுக்குக் கிரேக்கர்கள் 'மீன் தின்னிகள்' என்றே பெயர் வைத்தார்கள். ஓர் ஊரில் அந்த மக்கள் வந்தவர்களை வரவேற்று மீனும் ஆடுகளும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அந்த ஆட்டிறைச்சி கடற்பறவையின் இறைச்சியைப் போல மீன் வாடை அடித்தது என்று நியார்க்கஸ் குறித்து வைத்தான். காரணத்தையும் அவனே சொல்லிவிட்டான்: அங்கே புல் கிடையாது, ஆடுகளும் மீனையே தின்கின்றன. அவனுடைய குறிப்பை வைத்துக்கொண்டு அர்ரியன் என்ற ஆசிரியர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் இந்தச் செய்தி இன்றும் இருக்கிறது.

அதே கடலின் மறுகரையிலும் இப்படித்தான். அரேபியாவின் தென்கரையில் ஒரு துறைமுகத்தைப் பற்றிப் பேசும்போது, சிறு மீன்களைப் பிடித்து உலர்த்திச் சேமித்து வைத்து ஆண்டு முழுவதும் கால்நடைகளுக்குப் போடுகிறார்கள் என்று மார்க்கோ போலோ சொல்கிறார். 14ஆம் நூற்றாண்டில் தோபார் பகுதிக்கு வந்த இப்னு பதூதா, அங்கே கால்நடைகளுக்கு மத்தி மீனே தீவனம் என்பதைக் கண்டு, இதை வேறெங்கும் பார்த்ததில்லை என்று ஆச்சரியப்பட்டார். ஓமன் நாட்டைச் சேர்ந்த அந்தத் தோபாரில் காய்ந்த மத்தியைக் கால்நடைகளுக்குப் போடும் வழக்கம் நம் காலம் வரைக்கும் வந்திருக்கிறது.

ஆகவே புலிக்குள்ள மானம் ஆட்டுக்கு இல்லை என்று தீர்ப்பு எழுதி நாம் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இன்றைக்கு இது பாலைவனத்துப் பஞ்சக் கதை அன்று. தொழிற்சாலைக் கணக்கு ஆகிவிட்டது. அதனால்தான் இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

கடல் உணவைப் பதப்படுத்தும் தொழிற்சாலை ஒன்றின் பின்வாசலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்வாசல் வழியாக வெள்ளை வெளேரென்று உரித்த இறால் பனிக்கட்டியில் உறைந்து கப்பலேறுகிறது. பின்வாசலில் அதன் தலையும் ஓடும் குவிகின்றன. உரித்த இறாலை மட்டும் விற்பதானால், பிடித்த எடையில் ஏறக்குறைய பாதி இந்தப் பின்வாசலுக்குத்தான் போகிறது. சதை சீவும் மீன் ஆலைகளிலோ தலை, முள், தோல், குடல் என்று பாதிக்கு மேலேயும் போவதுண்டு. சில மணி நேரம் வெயிலில் கிடந்தால் ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும். கடலில் கொட்டினால் கடல் கெடும்; குழியில் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும். அதை உடனே வேகவைத்து, எண்ணெயைப் பிழிந்து, உலர்த்தி அரைத்தால் பழுப்பு நிறத்தில் ஒரு தூள் கிடைக்கிறது. நல்ல மீன்தூளில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு வரை புரதம் உண்டு. இறால் தூளிலும் நண்டுத் தூளிலும் அதைவிடக் குறைவு. சுண்ணாம்புச் சத்து அதிகம்.

இந்தத் தூளை ஆட்டுக்குக் கொடுத்தால் என்ன நடக்கிறது என்பதை விஞ்ஞானிகள் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் பெரிய அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாம் ஜீரணிக்க முடியாத புல்லையும் வைக்கோலையும் புளிக்க வைத்து ஆட்டுக்கு உணவாக மாற்றிக் கொடுப்பவை அவைதாம். ஆனால் அந்தக் குடித்தனக்காரர்கள் இலவசமாக வேலை செய்வதில்லை. புண்ணாக்கில் உள்ள புரதத்தில் பெரும்பகுதியை அவை தாமே உடைத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. மீனின் புரதமோ அவற்றுக்கு அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. பெரும்பகுதி தப்பித்துப் பின்னறைக்கும் குடலுக்கும் நேராகப் போய்ச் சேர்கிறது. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து ரோவெட் ஆராய்ச்சி நிலையத்தில், 1970களில், ஆட்டுக்குட்டிகளுக்கு வாற்கோதுமையோடு மீன்தூளைக் கலந்து கொடுத்து இந்த நுட்பத்தை ஆராய்ந்தார்கள்.

இதன் பயன் சினையாட்டிடம் தெளிவாகத் தெரியும். செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி தன் எடையில் பெரும்பகுதியைப் பெறுகிறது. அந்தச் சமயத்தில் வயிற்றில் குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் தாய் வயிறாரத் தின்னவும் முடியாது. காய்ந்த புல்லைத் தவிர வேறு கதி இல்லாத காலமாகவும் அது அமைந்துவிட்டால், தாய் தன் உடம்பைக் கரைத்துத்தான் குட்டியை வளர்க்க வேண்டும். அப்போது நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி மீன்தூள் பெரிய உதவி. பால் ஊறும், குட்டி பிழைக்கும். ஆட்டு ரோமம் கந்தகம் கலந்த புரதத்தால் ஆனது. மீனில் அதற்கு வேண்டிய சரக்கு நிறைய உண்டு. ஆகவே ரோமமும் கூடுதலாக வளரும். கடலில் நீந்திய மீன் ஒரு குளிர்தேசத்துக் குழந்தைக்குக் கம்பளிச் சட்டையாகிவிடுகிறது என்று சொன்னால் கவிதை போலத் தோன்றும். ஆனால் உண்மை அதுதான்.

இவ்வளவையும் எனக்கு விளக்கிச் சொன்னவர், கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர். மாலை நேரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். காபி கொண்டுவந்த அவருடைய மனைவி, பேச்சின் கடைசிப் பகுதியைக் கேட்டுவிட்டுத் திடுக்கிட்டு நின்றார்.

"ஆட்டுக்கு மீனைப் போடுவதா? இது அடுக்குமா? புல்லைத் தின்ன வேண்டும் என்று ஆண்டவன் படைத்ததற்குக் கவிச்சியைப் போட்டால் பாவம் இல்லையா?" என்றார்.

"தொட்டியில் போட்டதை அது தின்கிறது. பிடிக்காவிட்டால் விட்டுவிடும்" என்றார் நண்பர்.

"அது எப்படி விடும்? நீங்கள் வெல்லப்பாகைக் கலந்து போடச் சொல்லுகிறீர்களே! அது வாயில்லா ஜீவன். அதன் பாவம் எல்லாம் போடுகிறவர் தலையில்தான். நீங்களே சொல்லுங்கள் அண்ணா" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். ஆனால் அந்த அம்மையார் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்லிவிட்டார் என்பது வழியில்தான் எனக்கு உறைத்தது. ஒன்று, இயற்கைக்கு மாறானது பாவம் என்பது. மற்றொன்று, வாயில்லாத ஜீவனுக்கு எதைப் போட்டாலும் அதன் பொறுப்பு போடுகிறவனுடையது என்பது. முதல் கட்சியை நான் ஏற்கத் தயாராக இல்லை. இரண்டாவது கட்சி என்னை இன்னும் விடவில்லை.

முதல் கட்சியை எடுத்துக்கொள்வோம். இயற்கை, இயற்கை என்கிறோமே, அந்த இயற்கை நாம் நினைக்கும் அளவுக்குச் சைவமாக இருக்கிறதா? ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் ஃபூலா என்று ஒரு சிறு தீவு உண்டு. அங்கே மேயும் செம்மறியாடுகள், தரையில் கூடு கட்டும் ஆலாப் பறவைகளின் பறக்கத் தெரியாத குஞ்சுகளைப் பிடித்துத் தலையையும் காலையும் இறக்கையையும் கடித்துத் தின்பதைப் பறவை ஆராய்ச்சியாளர்கள் நேரில் பார்த்து 1980களில் எழுதியிருக்கிறார்கள். அந்த மண்ணில் விளையும் புல்லில் எலும்புக்கு வேண்டிய தாதுச் சத்து போதவில்லை. ஆடு அதைக் குஞ்சின் எலும்பில் தேடிக்கொள்கிறது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். யாரும் அந்த ஆட்டுக்கு வெல்லப்பாகு கலந்து கொடுக்கவில்லை. யாரும் அதைக் கெடுக்கவில்லை. சாந்தத்துக்கு அடையாளமாக உலகம் கொண்டாடும் பிராணி, தானாகவே அதைச் செய்கிறது.

பக்கத்து ஆர்க்னித் தீவுக் கூட்டத்தில் நார்த் ரொனால்ட்ஸே என்ற தீவில் வேறொரு காட்சி. 1832ஆம் ஆண்டில் அந்தத் தீவைச் சுற்றி ஒரு கல்சுவர் எழுப்பினார்கள். விளைநிலம் சுவருக்கு உள்ளே. ஆடுகள் வெளியே, கடற்கரையில். அன்று முதல் அந்த ஆடுகள் ஆண்டின் பெரும்பகுதியைக் கடற்பாசியைத் தின்றே கழித்து வருகின்றன. அலை வற்றும்போது மேய்கின்றன. அலை ஏறும்போது அசை போடுகின்றன. குட்டி போடும் பருவத்தில் மட்டும் தாய் ஆடுகளை உள்ளே விட்டுப் புல் மேயவிடுகிறார்கள். ஒரு சுவரைக் கட்டி ஓர் இனத்தின் 'இயற்கை'யையே மாற்றிவிட்டார்கள். ஆடும் அதற்குச் சம்மதித்துவிட்டது.

ஆகையால் இயற்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அது நம் பக்கம் பேசும் என்று எண்ணக் கூடாது. அது எதைச் செய்ய முடியும் என்று சொல்லும். எதைச் செய்யலாம் என்று சொல்லாது. குஞ்சைத் தின்னும் ஆட்டை இயற்கை கண்டிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. அறம் என்பது மனிதன் தலையில் மட்டும் ஏறியிருக்கும் சுமை. அதை ஆட்டின் வயிற்றில் தேடிப் பயனில்லை.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் போடலாமா? மீன் தலை போட்டால் என்ன, மாட்டு எலும்பு போட்டால் என்ன, எல்லாம் புரதந்தானே? ஒரு பெரிய தேசம் இந்தக் கேள்வியைக் கேட்காமலே விடை எழுதியது. அதற்குக் கொடுத்த விலையை நாம் மறக்கக் கூடாது.

பிரிட்டனில் பல பத்தாண்டுகளாக ஒரு வழக்கம் இருந்தது. கசாப்புக் கூடத்தில் மிஞ்சிய எலும்பு, குடல், கழிவு இறைச்சி எல்லாவற்றையும் காய்ச்சிக் கொழுப்பை எடுத்துவிட்டு, மீதியை உலர்த்தி அரைத்து, மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் தீவனத்தில் கலந்து வந்தார்கள். அதாவது மாடு மாட்டைத் தின்றது. ஆடு ஆட்டைத் தின்றது. எதையும் வீணாக்காத சிக்கனம் என்றுதான் அதற்குப் பெயர். 1986ஆம் ஆண்டில் பசுக்களிடம் ஒரு புதிய நோய் கண்டுபிடிக்கப்பட்டது. நல்ல பசு தள்ளாடும், மிரளும், விழும், எழுந்திராது. மூளை கடற்பஞ்சு போலத் துளைபட்டுப் போயிருக்கும். 'மேட் கவ்' என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. அந்தத் தூள்தான் நோயைப் பரப்பியது என்று தெரிந்ததும், 1988இல் அசை போடும் பிராணிகளுக்கு அசை போடும் பிராணிகளின் புரதத்தைப் போடக் கூடாது என்று சட்டம் செய்தார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. பன்றிக்கும் கோழிக்கும் அதே தூளைக் கலப்பது நிற்கவில்லை. அதே ஆலை, அதே எந்திரம். காலையில் கோழித் தீவனம் அரைத்த எந்திரத்தில் மாலையில் மாட்டுத் தீவனம் அரைத்தார்கள். ஒரு கிராமுக்கும் குறைவான தூள் ஒரு பசுவைக் கொல்லப் போதுமானது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தடைக்குப் பிறகு பிறந்த மாடுகளிலேயே 40,000க்கு மேற்பட்டவை நோயில் விழுந்தன. மொத்தத்தில் 1,80,000க்கு மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதியானது. முன்னெச்சரிக்கையாகக் கொன்று எரிக்கப்பட்டவை 40 லட்சத்துக்கு மேல். 1996 மார்ச் மாதத்தில், மனிதர்களுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது என்று அரசாங்கமே பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டது. அந்த நாட்டில் மட்டும் 170க்கு மேற்பட்டவர்கள் அதனால் இறந்தார்கள். அவர்களில் பலர் இளைஞர்கள்.

இதில் மீனுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மீன் ஒரு குற்றமும் செய்யவில்லை. மீன்தூளால் அந்த நோய் வந்ததென்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் 2001ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட தடையில் ஆடு மாடுகளுக்கு மீன்தூளும் விலக்கப்பட்டுவிட்டது. 2008இல் பால் மறவாத குட்டிகளின் பால்பொடியில் மட்டும் அதைச் சேர்க்கலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். வளர்ந்த ஆட்டுக்கு அங்கே அந்தத் தடை இன்றும் இருக்கிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் அப்படித் தடை இல்லை. ஐரோப்பாவில் மட்டும் ஏன்? மீன்தூள் என்று எழுதிய மூட்டைக்குள்ளே எலும்புத் தூள் கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பயந்தான் முக்கியமான காரணம். குற்றம் மீனுடையது அன்று, மூட்டையினுடையது. மூட்டையின் மேல் எழுதியதை நம்ப முடியாமற் போன பிறகு, நிரபராதியான மீனும் மாட்டுக்காகத் தண்டனை அனுபவிக்க வேண்டியதாயிற்று. நம்பிக்கை கெட்ட ஊரில் நல்லவனுக்கும் ஜாமீன் கிடைக்காது.

இப்போது அந்த அம்மையார் சொன்ன இரண்டாவது கட்சிக்கு வருகிறேன்.

மக்ரான் கரையில் வாழ்ந்த மனிதனையும், பிரிட்டனின் தீவன ஆலை முதலாளியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இருவரும் புல் தின்னும் பிராணிக்கு வேறொரு பிராணியின் உடம்பைக் கொடுத்தவர்கள். இயற்கைக்கு மாறு என்று சொன்னால் இருவருமே குற்றவாளிகள். பசியை ஆற்றினார்கள் என்று சொன்னால் இருவருமே புண்ணியவான்கள். ஆனால் நம் மனம் அப்படிச் சமமாகப் பார்க்க ஒப்புகிறதா? ஒப்பவில்லை. அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது?

அர்ரியன் எழுதியதில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த மீன் தின்னிகள் பெரிய மீனை வெயிலில் காயவைத்து, இடித்து மாவாக்கி, அந்த மாவில் ரொட்டி செய்து தாங்கள் தின்றார்கள். ஆடுகளுக்குப் போட்டதும் அந்தக் காய்ந்த மீனைத்தான். அந்த மனிதனுக்குத் தன் ஆட்டின் தொட்டியில் இருப்பது என்னவென்று தெரியும். அது எந்தக் கடலில், எந்த வலையில், எந்த நாளில் வந்தது என்று தெரியும். அது கெட்டுப்போயிருந்தால் ஆட்டுக்கு முன்னால் அவன் வயிறே சொல்லிவிடும். தனக்கும் ஆட்டுக்கும் நடுவில் அவன் ஒரு மூட்டையை வைத்துக்கொள்ளவில்லை.

ஆலைக்காரனுக்கோ தன் மூட்டையில் இருப்பது என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் இருக்கவில்லை. நூற்றுக்கு இத்தனை புரதம் என்ற எண் மட்டும் தெரியும். அவனிடம் வாங்கிய பண்ணைக்காரனுக்கு விலை தெரியும். பண்ணைக்காரனிடம் இறைச்சி வாங்கிய இல்லத்தரசிக்கு அதுவும் தெரியாது. இத்தனை கைகள் மாறியும் ஒரு கையாவது மூட்டையைத் திறந்து உள்ளே பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நினைத்தார்கள். உலகத்தில் நடக்கும் பெருங்கொடுமைகளில் பாதி, கொடியவர்களால் நடப்பதில்லை. இப்படி நினைக்கும் நல்லவர்களால்தான் நடக்கிறது.

'வாயில்லா ஜீவன்' என்ற சொல்லை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்று திண்ணையில்தான் அதன் பொருள் விளங்கியது. ஆட்டுக்கு வாய் இல்லாமல் என்ன? நாள் முழுவதும் அது வாயால்தானே வாழ்கிறது! அதற்குத் தின்னுகிற வாய் இருக்கிறது. கேட்கிற வாய் இல்லை. "இது என்ன? எங்கிருந்து கொண்டுவந்தாய்? எனக்காகக் கொடுக்கிறாயா, உனக்காகக் கொடுக்கிறாயா?" என்று கேட்கிற வாய் இல்லை. முதல் நாள் அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறதே, அதுதான் அதற்குத் தெரிந்த ஒரே கேள்வி. அந்தக் கேள்வியையும் நாம் வெல்லப்பாகால் அடைத்துவிடுகிறோம்.

வெல்லப்பாகு கலப்பதே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. கசப்பு மருந்தை வெல்லத்தில் வைத்துக் கொடுக்காத தாய் உண்டா? ஆனால் நஞ்சு வைப்பவனும் வெல்லத்தில்தான் வைக்கிறான். கையும் ஒன்று, வெல்லமும் ஒன்று, ஏமாறும் வாயும் ஒன்று. தாய்க்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம் குழந்தைக்குத் தெரியாது. தாய் அந்த மருந்தைத் தெரிந்து கொடுக்கிறாள், குழந்தைக்காகக் கொடுக்கிறாள், வேண்டுமானால் முதலில் தன் நாக்கில் தொட்டுப் பார்க்கிறாள். ஒரு ஜீவனின் மறுப்பை மீறி அதற்கு உணவு ஊட்டும் உரிமை, அதற்காகக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டவனுக்கு மட்டுமே உண்டு. மற்றவர்கள் நஞ்சு வைக்காமல் இருந்தாலும், அது அவர்களுடைய நல்ல காலமே தவிர, நல்ல குணம் ஆகாது.

இந்த இடத்தில் என் நண்பர் குறுக்கிடுவார் என்று எனக்குத் தெரியும். "இறால் தலையைக் குப்பையில் கொட்டுவதைவிடச் சினையாட்டுக்குப் போடுவது மேல் அல்லவா? நீங்கள் கதை எழுதுகிறவர்; தர்மம் பேசிப் பேசியே நல்ல காரியத்தைக் கெடுத்துவிடுவீர்கள் போலிருக்கிறதே!" என்பார். அவர் கட்சியில் நியாயம் இருக்கிறது. ஓர் உயிரைக் கொன்று பாதியைத் தின்று பாதியை எறிவது, கொன்ற பாவத்தோடு அலட்சியத்தையும் சேர்ப்பதாகும். எறிவதை இன்னொரு பசிக்கு உணவாக்குவது அந்த மீனுக்குக் காட்டும் மரியாதை என்றுகூடச் சொல்லலாம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நல்ல காரியத்துக்கு உள்ளேயே ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. அதையும் பார்த்துக் கால் வைக்க வேண்டும்.

கழிவுக்கு விலை வந்த நாளிலிருந்து அது கழிவாக இருப்பதில்லை. பெரு நாட்டின் கதை இதற்குச் சான்று. அந்தக் கரையில் நெத்திலி இனத்தைச் சேர்ந்த ஒருவகைச் சிறு மீன் கணக்கில்லாமல் கிடைத்தது. மீன்தூளுக்கு உலகமெங்கும் கிராக்கி ஏறியதும் 1950களிலிருந்து அங்கே ஆலைகள் முளைத்தன. தலையையும் குடலையும் மட்டும் அரைக்க அல்ல. முழு மீனையும் அரைக்க. மனிதன் தின்னக்கூடிய நல்ல மீன் அது. 1970ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டன் பிடித்தார்கள். பெரும்பாலும் எல்லாமே தூளாயிற்று. 1972இல் எல் நினோ என்ற கடற்சூடு வந்தது. ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி வாரப்பட்ட மீன்கூட்டம் அந்த அடியைத் தாங்கவில்லை. 1973இல் பிடிபட்டது 20 லட்சம் டன்கூட இராது. ஆலைகள் நின்றன, வலைகள் உலர்ந்தன, கரையில் மீனை நம்பிக் கூடுகட்டியிருந்த பறவைகளும் லட்சக்கணக்கில் மாண்டன.

இப்போது ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், மொரிட்டேனியா, செனகல், காம்பியா நாடுகளில், மத்தி இனத்து மீனை முழுதாக அரைக்கும் ஆலைகள் வந்திருக்கின்றன. அங்கே அந்த மீன் ஏழைகளின் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் மீன். புகைபோட்டு விற்றுப் பிழைத்த பெண்கள், ஆலைக்காரன் கொடுக்கும் விலையைக் கொடுக்க முடியாமல் வெறுங்கூடையோடு திரும்புகிறார்கள். அந்தத் தூள் பெரும்பாலும் வளர்ப்பு மீனுக்கும் பன்றிக்கும் கோழிக்குந்தான் போகிறது. ஆட்டுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. ஆனால் யாருக்குப் போனால் என்ன, புறப்பட்ட இடம் ஒன்றுதான். இன்று உலகத்து மீன்தூளில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் உண்மையான கழிவிலிருந்து செய்யப்படுகிறது. மற்றதெல்லாம் முழு மீன். மூட்டையின் மேல் இரண்டுக்கும் ஒரே பெயர்.

ஆகவே 'கழிவு' என்ற சொல்லையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மனிதன் தின்றுவிட்டு மிஞ்சிய தலையா, மனிதன் தட்டிலிருந்து பறித்த மீனா? முதலாவது சிக்கனம், இரண்டாவது திருட்டு. அரைத்த பிறகு எந்த மூக்காலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அரைப்பதற்கு முன்னால் கேட்டால்தான் உண்டு.

வாயில்லாதவர்கள் ஆடுகள் மட்டும் அல்ல என்பதும் இந்த இடத்தில் தெரிகிறது. வெறுங்கூடைக்காரிக்கு அந்தச் சந்தையில் பேச வாய் இல்லை. 1980களில் பிரிட்டனில் இறைச்சி வாங்கிக் குழந்தைக்குச் சமைத்துப் போட்ட தாய்க்கு, கேட்கலாம் என்றே தெரியாது. நியார்க்கஸுக்காவது இறைச்சியை வாயில் வைத்ததும் மீன் வாடை உண்மையைச் சொல்லிற்று. நம் காலத்து ஆலைகளோ வாடையையும் எடுத்துவிடும் அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் பெற்றுவிட்டன. எண்ணெயை நன்றாகப் பிழிந்து, அளவோடு கலந்து, விற்பதற்குச் சில வாரம் முன்பு நிறுத்திவிட்டால் இறைச்சியில் மணம் தெரியாது என்று தீவன நூல்கள் சொல்லுகின்றன. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மூக்கு சொல்லிவந்த உண்மையை இனி மனிதன்தான் சொல்ல வேண்டும் என்ற கடமை அப்போது ஏற்பட்டுவிடுகிறது. சைவ உணவுக்காரர் ஒருவர் தாம் போர்த்தியிருக்கும் கம்பளியில் மீன் கலந்திருக்கிறதா என்று கேட்டால் நாம் சிரிக்கலாம். ஆனால் மறைக்கக் கூடாது. சிரிப்பதற்கு நமக்கு உரிமை உண்டு. அவருக்காக முடிவு செய்வதற்கு உரிமை இல்லை.

அந்த அம்மையாரிடம் அன்று மழுப்பிய விடையை இப்போது சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கு மீன் போடுவது பாவம் இல்லை, அம்மா. புல் காய்ந்த காலத்தில், குட்டியைச் சுமந்துகொண்டு மெலிந்து நிற்கும் தாயாட்டுக்கு, குப்பைக்குப் போக இருந்த மீன் தலையை வேகவைத்து இடித்து ஒரு கைப்பிடி போடுகிறவன் நல்லதையே செய்கிறான். ஆனால் நீங்கள் சொன்ன மற்றது முற்றிலும் உண்மை. போடுகிறவன் தலையில்தான் எல்லாம். அந்தக் கைப்பிடியில் என்ன இருக்கிறது, யாருடைய கூடையிலிருந்து வந்தது என்று அவன் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தெரியாது என்பது சமாதானம் ஆகாது. கேட்க முடியாத வாய்க்கு ஊட்டுகிறவன் "எனக்குத் தெரியாது" என்று சொல்லும்போது, அவன் தன் குற்றத்தை மறுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறான்.

மக்ரான் கரையில் எழுதப் படிக்கத் தெரியாத, சட்டம் தெரியாத, புரதம் என்ற சொல்லைக் கேட்டறியாத அந்த மனிதனை நினைத்துப் பார்க்கிறேன். அவன் தன் ஆடுகளிடம் எவ்வளவு அன்பாக இருந்தான் என்பது நமக்குத் தெரியாது. கடைசியில் அறுத்துத் தின்னத்தானே வளர்த்தான்! ஆனாலும் ஒரு விஷயத்தில் அவன் நம்மைவிட உயர்ந்து நிற்கிறான். ஆட்டுக்குப் போட்ட மீனையே அவன் இடித்து ரொட்டியாக்கித் தானும் தின்றான். ஆட்டுக்கு வாய் இல்லாத குறையை அவன் வாய் தீர்த்து வைத்தது.